எட்டு நாள் கேட்டாய்

அவையில் அமர்ந்திருப்போரே! பாளையங்கோட்டைத் தோழர்களே! என் குரலைக் கேட்க வந்த உங்களுக்கு இன்று வேறொருவர் குரலில் இம்மடல் வாசிக்கப்படுகிறது. முப்பதாண்டு மேடை வாழ்வில், ஒப்புக்கொண்ட கூட்டத்திற்கு நான் வராதிருப்பது இதுவே முதன்முறை. ஏன் வரவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியது உங்களிடம் அன்று. மறைந்த என் தோழனிடம். நீங்கள் உடனிருந்து கேளுங்கள்.

தோழனே! மேடைதோறும் பிறர்மேல் குற்றம் சாட்டியே பழகியவன், இன்று என்மேல் குற்றம் சாட்டுகிறேன். நீ என்னிடம் எட்டு நாள் கேட்டாய். நான் தரவில்லை. வழக்கு இவ்வளவுதான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஆலய வழிபாடு முடிந்த கையோடு உன் மனைவி ஞானப்பூ என் வீட்டுப் படியேறினாள். கையில் நான்காய் மடித்த ஒரு துண்டறிக்கை. "அவுக டூல்ஸ் பெட்டிக்குள்ள கெடந்துச்சு அண்ணாச்சி. ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள். விரித்தேன். ஈயப்பற்று வைக்கும்போது பிசின் கருகி ஒரு மணம் எழுமே, அந்த மணம் தாளிலிருந்து எழுந்தது. பழுதான ஒலிபெருக்கிப் பெட்டியைக் குடைந்துகொண்டே, தலை நிமிராமல் நீ என்னோடு பேசிய பிற்பகல்கள் அத்தனையும் அதில் இருந்தன.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் என் பெயர், அதன்கீழ் "முழங்குகிறார்". அடியில், எறும்பு ஊர்வது போல், "ஒலி அமைப்பு" என்று உன் பெயர். பின்பக்கத்தில் உன் பென்சில் எழுத்து. விசாகப்பட்டினத்தில் நாம் கழிக்கவிருந்த நான்கு நாள்களின் திட்டம்.

"மொத நாள் கடக்கரை. சும்மா உக்காரணும். பேச்சாளரு வாயத் தொறக்கக் கூடாது." இரண்டாம் நாளுக்குத் துறைமுகத்தருகே உள்ள மூன்று குன்றுகள். ஒன்றில் கோயில், ஒன்றில் பள்ளிவாசல், ஒன்றில் மாதா கோயில். "மூணுலயும் ஏறணும். எவன் மைக்செட்டு நல்லாருக்குன்னு பாக்கணும்" என்று ஓரத்தில் குறித்திருந்தாய். மூன்றாம் நாள், கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கும் மலையும் அதன்மேல் கலங்கரை விளக்கமும். நான்காம் நாள், அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகும் தொடர்வண்டி, மலையைக் குடைந்த குகைவழிகள். "சன்னலோரம் எனக்கு. எதுத்த சன்னல் ஞானப்பூக்கு. பேச்சாளரு நடுவுல."

நடுவில் அமர்ந்து நான் பார்த்திருக்க வேண்டியவை இவை. பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை.

நெல்லைச் சீமையில் உன் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத ஊர் எது? திருமண வீடா, தேர்தலா, திருச்சபையின் அசன விருந்தா, எங்கும் நீ. நான் முழங்கிய மேடை என்று ஊர் சொல்வதெல்லாம் நீ கம்பி இழுத்த மேடை. உணர்ச்சி மிகுந்து நான் தொண்டை கிழியக் கத்தும்போது, மேடைக்கு இடப்புறம் முக்காலியில் அமர்ந்திருக்கும் நீ கையைத் தாழ்த்திக் காட்டுவாய். "பையப் பேசும் வே. கத்துததுக்குத்தான் கொழாய் இருக்கு. நீரு எதுக்குக் கத்துதீரு?" நீ என்னை "வே" என்பாய்; நான் உன்னை "நண்பா" என்பேன். அதற்கும் உன்னிடம் ஒரு குத்தல் இருந்தது. "தெருவுல வச்சு நண்பான்னு கூப்புடாதயும் வே. கூட்டம் ஆரம்பிச்சுட்டுன்னு ஆளு சேந்துரும்."

விசாகப்பட்டினம் என்ற பெயர் உன் காதில் விழுந்தது சேரன்மகாதேவியில், ஒரு திருமண வீட்டில். பெண்ணின் தந்தையார் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நீ பந்தற்காலில் குழாய் கட்டிக்கொண்டிருக்க, அவர் கீழே நின்று சொன்னாராம், தாம் இருந்த ஊரில் மலை வந்து கடலுக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று. மறுநாள் காலையே என் வீட்டுக்கு வந்துவிட்டாய்.

"வே, நமக்கு மலைன்னா மேக்க, கடல்னா கெழக்க. ஆறுதான் ரெண்டுக்கும் நடுவுல ஓடி ஓடிச் சேதி சொல்லுது. ரெண்டும் ஒரே எடத்துல நிக்கித ஊரு ஒண்ணு இருக்காம்."

"இருக்கட்டும். அதனால் உனக்கென்ன?"

"எனக்கென்னவா? பாவநாசத்துல மலையப் பாத்துக் கொழாய் கட்டுனா என்னாவும்? நீரு ஒரு தடவ சொன்னத மலை மூணு தடவ சொல்லும். சனம் சிரிக்கும். தூத்துக்குடில கடலப் பாத்துக் கட்டுனா? போன சத்தம் போனதுதான். மலை திருப்பித் தரும், கடலு தராது. ரெண்டுக்கும் நடுவுல நின்னு ஒரு ஆளு கூப்புட்டா?"

"கூப்பிட்டால்?"

"அதத்தான் வே போயிக் கேக்கணுங்கேன்."

நான் சிரித்தேன். சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணினேன். வாழ்நாளெல்லாம் பிறர் குரலுக்கே குழாய் கட்டிய ஒருவன், தன் குரலை ஒருமுறை வெளியில் விட்டுப் பார்க்க விரும்புகிறான் என்பது எனக்கு எட்டவில்லை. ஆயிரம் பேர் கேட்கப் பேசுகிறவனுக்கு, எதிரில் இருக்கும் ஒருவன் பேசுவது கேட்பதில்லை.

ஆயினும் திட்டமிடுவதில் நாம் குறை வைத்தோமா? உன் வீட்டுக் கூடத்தில், பள்ளிப் பிள்ளைகளின் நிலப்பட நூலை விரித்து வைத்துக்கொண்டு எத்தனை மாலைகள்! எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு மாறி, கல்கத்தா செல்லும் வண்டியில் ஏற வேண்டும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், அங்கே நான்கு நாள். ஆக எட்டு. ஞானப்பூவுக்கு ஒரே கவலை. "அண்ணாச்சி சைவமாச்சே. அங்கன மீனும் காரமுமாத் திங்கிற ஊரு. சாப்பாட்டுக்கு என்ன செய்வாவ?" நீ நிலப்படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்: "அவருக்குச் சோறு எதுக்கு? நாலு பேரு கை தட்டுனாப் போதும்."

"அங்கே தெலுங்கு வழங்குகிறது. நாம் எவ்வாறு உரையாடுவது?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குத்தான ஒம்மக் கூட்டிட்டுப் போறேன். ஒம்ம பேச்சு ஒருத்தனுக்கும் வெளங்காது. நாலு நாளாவது தொண்டைக்கு லீவு கெடைக்கும், எங் காதுக்கும் கெடைக்கும்."

ஞானப்பூ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரிப்பு அடுக்களையிலிருந்து நெடுநேரம் கேட்டது.

முதன்முறை நாள் குறித்தபோது கங்கைகொண்டானில் குடிநீர் கேட்டு ஒரு கூட்டம் வந்தது. அடுத்த மாதம் போவோம் என்றேன். இரண்டாம் முறை ஒரு படிப்பகத்தின் ஆண்டுவிழா. அதையும் மறுக்க என் நா எழவில்லை. "ஊருல எவன் கேட்டாலும் இவருகிட்ட நாள் இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றாய். சிரித்துக்கொண்டு சொன்னாய். அதனால் நானும் அதைச் சிரிப்போடு விட்டுவிட்டேன்.

மூன்றாம் முறை, வாய்ப்பேச்சை நம்பாமல், என் கையைப் பிடித்து நெல்லைச் சந்திப்புக்கே இழுத்துப் போனாய். முன்பதிவுச் சாளரத்தில் குனிந்து, "ஐயா, முன்பதிவுப் படிவம் வழங்குக" என்றேன். உள்ளிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நீ என்னை விலக்கித் தலையை நீட்டினாய். "சார், ஃபாரம் குடுங்க. இவரு மேடையில இருந்து எறங்கி நேரா வாராரு. இன்னும் தெளியல." வரிசையே சிரித்தது. மூவருக்கும் சீட்டு எடுத்தோம். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அந்தப் பையின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே நடந்தாய்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சாளனிடம் நாள் கேட்டு வருவோர் வெற்றிலைபாக்கும் பழமும் வைத்த தட்டோடு வருவர். தட்டைத் தொட்டுவிட்டால் நாள் போயிற்று. பிறகு காய்ச்சல் என்றாலும் கட்டிலோடு தூக்கிப் போவார்கள். தொட்ட தட்டைத் திருப்பி அனுப்பிய பேச்சாளன் இச்சீமையில் இல்லை என்பதில் எனக்கு ஒரு செருக்கும் இருந்தது.

புறப்பட நான்கு நாள் இருந்தது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஐவர் வந்தனர். பேச வேண்டியவர்க்குத் தொண்டை கட்டிக்கொண்டது, சுவரொட்டி ஒட்டியாயிற்று. உழவர்க்கு ஆற்றுநீர் விடுவதாகச் சொல்லிச் சொல்லி ஏமாற்றுவோரைக் கண்டிக்கும் கூட்டம். "அண்ணாச்சி, நீங்க வரலன்னா எங்க மானம் போயிரும்" என்றார் அவர்களில் மூத்தவர். நீ என் வீட்டுச் சன்னலோரம் அமர்ந்து, பயணப் பெட்டிக்கு ஞானப்பூ வாங்கிவரச் சொன்ன புதுப் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். பூட்டினாய், திறந்தாய், மறுபடி பூட்டினாய்.

நான் உன்னைப் பார்க்கவில்லை. தட்டைத் தொட்டேன். தொட்டதோடு நின்றேனா? "கவலை வேண்டாம். என் தோழனின் ஒலிபெருக்கியும் உடன் வரும்" என்றேன்.

பூட்டின் ஒலி நின்றது. நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் அவர்களிடம்தான் கேட்டாய். "எத்தன கொழாய் கட்டணும்?"

என் நாளைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. உன் நாளையும் ஞானப்பூவின் நாளையும் எடுத்துத் தட்டில் வைக்க எனக்கு யார் உரிமை தந்தார்?

நாம் தொடர்வண்டியில் இருந்திருக்க வேண்டிய மாலை, ஆழ்வார்குறிச்சியில் இருந்தோம். மேற்கே மலை நீலமாய் நின்றது. மலைக்கு முதுகு காட்டிக் குழாய்களைக் கட்டினாய். கம்பத்தில் ஏறும்போது இருமுறை நின்று மூச்சு வாங்கினாய். "முதுமை வந்துவிட்டதோ, நண்பா?" என்று கீழிருந்து கேலி செய்தேன். "ஒம்ம பேச்சக் கேட்டுக் கேட்டுத்தான் வே" என்று மேலிருந்தே சொன்னாய்.

அன்று நான் பேசியதை இன்றும் அங்குள்ளோர் புகழ்கிறார்கள். சொன்ன சொல்லைக் காவாதோரை நார்நாராய்க் கிழித்தேன். "நாளை, நாளை என்று நாள் கடத்துகிறவன், தன்னை நம்பியவன் கழுத்தை அறுக்கிறான்!" என்றேன். அந்த வரியில் என் குரல் பெருகி, வயலைக் கடந்து, ஊர் முழுதும் சுற்றி வந்தது. கைதட்டல் எழுந்தது. அது என் நெஞ்சின் வலிமை என்று எண்ணிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்தபின், கம்பி சுருட்டிக்கொண்டே நீ சொன்னாய்: "நல்லாப் பேசுனீரு வே. நாளைக் கடத்துதவன்னு ஒண்ணு சொன்னீருல்லா, அங்கன மட்டும் சவுண்ட கொஞ்சம் கூட்டி வச்சேன்."

"ஏன்?"

"ஒமக்கும் கேக்கட்டும்னுதான்."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அடுத்த மாதம் கட்டாயம் போவோம் என்றேன். "போவோம், போவோம்" என்றாய். கம்பியைச் சுருட்டும் கை நிற்கவே இல்லை.

அந்த மாதம் உனக்கு வரவில்லை. ஒரு காலை, கருப்பட்டிக் காப்பியோடு ஞானப்பூ வந்து பார்த்தபோது, பெருக்கிப் பெட்டியின் முன் நாற்காலியில் சாய்ந்திருந்தாய். மேசைமேல் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் சூடேறிக்கொண்டிருந்தது. நீ ஆறத் தொடங்கியிருந்தாய்.

உன் அடக்கத்தன்றும் நான் பேசினேன், தோழனே. கல்லறைத் தோட்டத்தில், குழாய் இல்லாமல். யாரும் கையைத் தாழ்த்திக் காட்டவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பேசிக்கொண்டே போனேன். போதகர்தாம் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றை ஞானப்பூ அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

"ஆசுபத்திரியில நெஞ்சு பழுதாயிருக்குன்னு சொல்லிட்டாவ அண்ணாச்சி. கம்பத்துல ஏறவே கூடாதுன்னாவ. அதுக்குப் பெறவுதான் மூணாவது தடவ அப்பிடி அவசரப்பட்டு டிக்கெட்டு எடுத்தாவ."

"என்னிடம் ஏன் மறைத்தான்?"

"நானும் அதையேதான் கேட்டேன். அந்த ஆளுகிட்டச் சொன்னா இதுக்கும் ஒரு கண்டனக் கூட்டம் போட்டுருவாருன்னு சிரிச்சாவ."

சொல்லிவிட்டு அவளும் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

அறிந்தே ஏறியிருக்கிறாய். ஏறக்கூடாது என்று மருத்துவர் சொன்ன நெஞ்சோடு, நான் கொடுத்த சொல்லுக்காக, ஆழ்வார்குறிச்சிக் கம்பத்தில் ஏறியிருக்கிறாய். கீழே நின்று நான் கேலி பேசியிருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானப்பூ நிமிர்ந்தாள். அவள் குரலில் உன் குரலின் சாயல் இருந்தது. "நான் போவணும் அண்ணாச்சி. எந் தங்கச்சியும் கூட வாரா. சனிக்கிழமை சாயங்கால வண்டி. ஒங்களுக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்துட்டேன். மேடைப் பேச்செல்லாம் வேண்டாம். வருவேளா, மாட்டேளா?"

"வருவேன்" என்றேன்.

அன்று பிற்பகலே, இக்கூட்டத்தை நடத்தும் தோழர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். உனக்கு இரங்கற்கூட்டம், சனிக்கிழமை மாலை, நான் பேசாமல் வேறு யார் பேசுவது என்றார்கள். தட்டு நீண்டது. உன்னைப் பற்றிப் பேச அழைக்கிறார்கள் என்ற ஒன்றே என் நெஞ்சை நிறைத்தது. தோழனே, இதைச் சொல்ல என் கை கூசுகிறது. தொட்டுவிட்டேன்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். பயணத்தை ஏழு நாள் தள்ளிவைக்கலாமா என்று கேட்டேன். அவனுக்கான கூட்டமல்லவா என்றேன். ஞானப்பூ சினந்திருந்தால் மறுமொழி வைத்திருந்தேன். அழுதிருந்தால் ஆறுதல் வைத்திருந்தேன். அவள் "சரி அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான். கட்டிலின்மேல் பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்து மடித்த சேலையை ஒவ்வொன்றாய் எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். மூன்றாவது சேலைக்குக் கை நீண்டபோது, முப்பதாண்டு முழங்கிய என் வாயிலிருந்து ஒரு சிறிய சொற்றொடர் வந்தது.

"எடுக்காதே, அம்மா. நான் வருகிறேன்."

தட்டைத் தொட்ட கையாலேயே இந்த மறுப்பை எழுதுகிறேன். தொட்ட தட்டைத் திருப்பிய பேச்சாளன் என்ற பழியை இனி நான் ஏற்கிறேன். இது பெருமை அன்று. மிகவும் காலந்தாழ்ந்து செய்யும் சிறு செயல். இதனால் உனக்கு ஒரு நாளும் திரும்பி வராது. நீ கேட்ட எட்டு நாளில் ஒன்றைக்கூட உனக்கு நான் தரவில்லை என்பதைச் சுமந்துகொண்டுதான் வண்டியேறுகிறேன். விசாகப்பட்டினத்தின் எந்தக் குன்றிலும் அதை இறக்கி வைக்க முடியாது. இறக்கி வைக்கவும் விரும்பவில்லை.

அவையோரே! உங்களுள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். உங்களிடம் ஒரு நாள் கேட்டார். நீங்கள் அடுத்த மாதம் என்றீர்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்.

என் தோழனுக்கு இரங்கல் தீர்மானம் வேண்டாம். எனக்கடுத்துப் பேசக் காத்திருப்போர் மன்னிக்க வேண்டும். உங்கள் உரையும் வேண்டாம். அமைதி காத்து எழுந்து நிற்கும் வழக்கமும் இன்று வேண்டாம். எழுங்கள். எழுந்தவர்கள் நிற்காதீர்கள். நேரே வீட்டுக்கு நடங்கள். கேட்டவரின் எதிரில் அமர்ந்து, எந்த நாள் என்று நீங்களே கேளுங்கள். நாளைக்கு அன்று, இன்றைக்கு, இந்த மாலைக்குள்.

கூட்டம் முடிந்தது. போங்கள்!